மாரி வருமுன் குழியைப் பாருங்கள்

இந்த முறை பாடம் கொஞ்சம் நாற்றமெடுக்கும் பாடம். மலசலகூடக் குழியைப் பற்றியது. சாப்பிடுகிற நேரத்தில் வாசிக்க வேண்டாம். ஆனால் வாசிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் பிறந்தது கல்முனைப் பக்கம். வேலைக்காக மலைக்கு வந்து, வந்த இடத்திலேயே பல வருடங்கள் கழிந்துவிட்டன. 2011 ஜனவரியில் கிழக்கில் பெரிய வெள்ளம் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அந்த வெள்ளத்தின் நடுவில் ஒரு நாள் என் ராத்தா தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, கக்கூசில தண்ணி இறங்குதில்லடா. ஊத்துற தண்ணி திரும்பி மேல வருது. குழி நிரம்பிட்டு எண்டு மச்சான் சொல்றாரு. மோட்டார் ஒண்டு புடிச்சி இறைக்கப் போறாராம். இறைக்கலாமா?"

நான் சுகாதாரப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆள். அன்றைக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நிரம்பினா இறைக்கத்தானே வேணும், இறைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். அதில் இரண்டு பிழை இருந்தது.

முதல் பிழை, குழி நிரம்பவே இல்லை. வளவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். மண்ணுக்குள்ளும் அதே தண்ணீர்தான். மலசலகூடத்திலிருந்து போகிற தண்ணீருக்கு இறங்க இடமில்லாததால் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் எத்தனை முறை இறைத்தாலும் வெளியிலுள்ள தண்ணீர் மறுபடி உள்ளே வரும்.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரிது. ராத்தா வீட்டில் இருந்தது 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி. காலி வாளியைக் கவிழ்க்காமல் பீலித் தொட்டிக்குள் அமுக்கிப் பாருங்கள். கையை எடுத்ததும் துள்ளி மேலே வரும். 1,000 லீற்றர் கொள்ளும் தாங்கியைக் காலியாக்கி, சுற்றிலும் தண்ணீர் நிற்கிற மண்ணில் விட்டால், ஏறக்குறைய 1,000 கிலோ பாரத்தைத் தூக்கக்கூடிய வலு அதைக் கீழிருந்து தள்ளும். தாங்கியின் சொந்தப் பாரம் சில பத்துக் கிலோதான். மேலே ஓர் அடி ஈர மணல். அது என்னத்தைத் தாங்கும்? மச்சான் இறைத்து முடித்த அன்று இரவே தாங்கி ஒரு பக்கமாகக் கிளம்பிவிட்டது. குழாய் முறிந்தது. உள்ளே மிச்சமிருந்த கழிவு வெள்ளத்தோடு கலந்தது. மோட்டாரால் இறைத்ததும் எங்கே போனது என்கிறீர்கள்? பவுசர் வர முடியாத வெள்ளம். மச்சான் அதையும் வளவுத் தண்ணீருக்குள்தான் விட்டிருக்கிறார். ஊரில் அன்றைக்கு அவர் ஒருவர் மட்டும் அப்படிச் செய்யவில்லை.

பக்கத்து வளவு என் தங்கச்சியுடையது. அவளுடைய கிணறு ராத்தாவின் குழியிலிருந்து இருபது அடிகூட இல்லை. வெள்ளம் வடிந்த கிழமையில் தங்கச்சியின் நாலு வயது மகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஜீவனி கரைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை. ஆசுபத்திரியில் வைத்து சேலைன் ஏற்றி, ஐந்தாம் நாள்தான் பிள்ளை கண் திறந்து உம்மாவைத் தேடியது. அது எங்கள் குழியால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. வெள்ள காலத்தில் எத்தனையோ வழியால் கிருமி வரும். ஆனாலும் அந்தப் பிள்ளையின் கல்யாணப் பேச்சு நடக்கிற இந்த வயதிலும், ராத்தா அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது தண்ணீர் கொதித்ததா என்று இரண்டு தரம் பார்க்கிறார்.

அந்த வருடம்தான் எங்கள் ஊர் நிலத்தை நான் சரியாகப் படித்தேன். அதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லயக்காம்பிராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறவர்கள் தோட்டங்களில் கூடிவருகிறார்கள். லயத்தில் இருந்தவரை கக்கூஸ் தோட்டத்துக் கணக்கு. உடைந்தால் துரையிடம் சொல்வோம், தலைவரிடம் சொல்வோம். தனி வீட்டில் குழி உங்களுடையது. அதன் மாரியும் உங்களுடையது.

நிலத்துக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு எல்லாம் ஒரே நீளக் கோட்டில் கிடக்கிற ஊர்கள். கிழக்கே கடல். மேற்கே வயல். இடையிலே மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பெரிய தெருவும், அதன் இரு பக்கமும் நெருக்கியடித்த வீடுகளும். நிலம் மணல். உயரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மலையில் நீங்கள் ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு இறங்குகிற இறக்கம், எங்களுக்குக் கடற்கரையிலிருந்து வயல்வரை நடந்தாலும் கிடைக்காது.

மணலில் கிணறு வெட்டுவது சுகம். கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர். அதனால் வளவுக்கு ஒரு கிணறு. ஆனால் அந்தச் சுகத்துக்குள்ளேதான் சங்கடமும் இருக்கிறது. வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து பெப்ரவரிக்குள் பெய்துவிடும். அதைத்தான் நாங்கள் மாரி என்கிறோம். கோடையில் ஆழத்தில் கிடக்கிற நிலத்தடித் தண்ணீர் மாரியில் மேலே ஏறும். செப்டெம்பரில் குழி வெட்டுகிற மேசன் "எட்டடி தோண்டியும் மண் காஞ்சிரிக்கி" என்று சந்தோசமாய்ச் சொல்வார். ஜனவரியில் அதே இடத்தில் இரண்டடியில் தண்ணீர் நிற்கும். ஆகவே குழியின் ஆழத்தைக் கோடைத் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. மாரித் தண்ணீரை வைத்துத்தான் போட வேண்டும். மாரித் தண்ணீர் எதுவரை வரும் என்பதை அறியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கோடையில் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். கட்டின் உட்புறத்தில் பாசியும் கறையும் ஒரு வளையமாய்த் தெரியும். தண்ணீர் வழக்கமாக ஏறுகிற உயரம் அதுதான்.

குழியின் அடிக்கும் அந்தக் கறைக்கும் இடையில் ஐந்து, ஆறு அடியாவது காய்ந்த மண் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஏன் காய்ந்த மண்? மணல் பரல்களுக்கு இடையில் காற்று இருக்கும்போதுதான் கழிவுத் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறி இறங்கும். மண்ணில் வாழ்கிற நல்ல கிருமிகள் கெட்ட கிருமிகளைத் தின்னவும், மணல் அவற்றைப் பிடித்துவைக்கவும் அவகாசம் கிடைக்கும். மணல் முழுக்கத் தண்ணீரில் ஊறிவிட்டால் காற்றும் இல்லை, அவகாசமும் இல்லை. குழியிலிருப்பது நிலத்தடித் தண்ணீரோடு சேர்ந்து கிணற்றுப் பக்கம் நகரும்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் "டேங்க்" என்று சொல்கிறார்கள். திறந்து பார்த்தால் நாலு கொங்கிரீட் வளையத்தை ஒன்றன்மேல் ஒன்று இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டிருப்பார்கள். அது தாங்கி அல்ல, குழி. மேடான காய்ந்த நிலத்தில் அது வேலை செய்யும். மாரியில் தண்ணீர் ஏறுகிற மணலில் அது பக்கத்துக் கிணற்றுக்கு இன்னொரு வாசல்.

வளவு சுருங்கிய கதை

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி விடச் சொல்லி உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எங்கள் உம்மாவின் காலத்தில் அது கஷ்டமாயிருக்கவில்லை. கால் ஏக்கர் வளவு, 40 பேர்ச். ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் கக்கூஸ். நடுவில் தென்னையும் முருங்கையும்.

ஆனால் கிழக்கில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பது பெற்றோரின் கடமை. நாலு பெண் பிள்ளை இருந்தால் வளவை நாலாய்ப் பிரிப்பார்கள். ஆளுக்கு 10 பேர்ச். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி. அடுத்த தலைமுறையில் அந்தப் பத்தும் ஐந்தாகும். உங்கள் வீட்டுக் குழி உங்கள் கிணற்றிலிருந்து தூரத்தில் இருக்கும். ஆனால் தங்கச்சியின் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாசத்தோடு பிரித்த வளவுதான். தண்ணீர் அந்த வேலியைப் பார்ப்பதில்லை.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். 7 பேர்ச் காணி என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. சரி சதுரமாய் இருந்தால் ஒரு பக்கம் 43, 44 அடி. 50 அடி என்ற விதி அந்தக் காணியின் ஒரு பக்க நீளத்துக்குள் அடங்காது! ஆக வீடு கட்டுகிறபோது உங்கள் காணியை மட்டும் பார்த்துக் குழிக்கு இடம் குறித்தால் போதாது. மேல் வீட்டு ஆளையும் பணிய வீட்டு ஆளையும் கூப்பிட்டு, யார் குழி எங்கே, யார் தண்ணீர் எங்கே என்று ஒரே நாளில் நின்று பேச வேண்டும். எங்கள் ஊரில் இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. குடிக்கிறதுக்குக் கிணற்றை நம்பாத வீடுகள் கூடிவிட்டன. ஆனாலும் குளிப்பு, துவைப்பு, பாத்திரம் கழுவுவது எல்லாம் பல வீட்டில் கிணற்றடியில்தான்.

தாங்கிக்குள் என்ன நடக்கிறது?

சரியான செப்டிக் தாங்கி என்பது அடியும் சுவரும் ஒழுகாத பெட்டி. வருகிற கழிவில் பாரமானது அடியில் சேறாய்ப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாய் மிதக்கும். நடுவிலே தெளிந்த தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். தெளிந்தது என்றால் சுத்தமானது என்று நினைக்காதீர்கள். கிருமி அதற்குள் நிறைய இருக்கும். மிச்ச வேலையை உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்தான் செய்கிறது.

அடியிலுள்ள சேற்றைத் தின்று குறைப்பதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். மணக்குது என்று வாரம் ஒருமுறை போத்தல் போத்தலாய்க் கிருமிநாசினி ஊற்றினால் அந்த வேலைக்காரர்கள் செத்துப்போவார்கள். சேறு சீக்கிரம் நிரம்பும். கடையில் விற்கிற "குழி சுத்தமாக்கும் தூள்" வாங்கவும் அவசியமில்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு சவர்க்காரம் வாங்கலாம். பழந்துணி, பம்பர்ஸ், சோப்பு உறை, மாதவிடாய்த் துணி எதையும் போடக்கூடாது. சமையலறை எண்ணெயும் வேண்டாம்.

சேறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நீளத் தடியின் நுனியில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றி, பார்க்கிற வாய் வழியாக அடிமட்டும் இறக்கி, கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். துணியில் கறுப்பாய் ஒட்டியிருக்கிற உயரம்தான் சேறு. தாங்கியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. சாதாரணமாய் ஒரு குடும்பத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

மூடியைத் திறக்கிறபோது ஒரு விஷயம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது. அரை நிமிடத்துக்கும் கூடாது. விழுந்த செருப்பை எடுக்கவும் கூடாது. உள்ளே நிற்கிற வாயு ஆளை ஒரே மூச்சில் மயக்கிவிடும். முதலில் அழுகிய முட்டை மணம் அடிக்கும். வாயு கூடினால் அந்த மணமே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். மணம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற தம்பியும் விழுவார். ஒரு குழியில் இரண்டு, மூன்று பேர் அடுத்தடுத்துச் சாகிற செய்தி இந்தியாவிலும் இங்கேயும் திரும்பத் திரும்ப வருவது இப்படித்தான். மெழுகுதிரி இறக்கிப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம். அந்த வாயுவில் தீப்பற்றக்கூடியதும் இருக்கிறது.

மாரிக்கு முன் செய்கிற வேலை

எங்கள் பக்கம் ஓகஸ்ட், செப்டெம்பர்தான் நேரம். நிலம் காய்ந்து கிடக்கும், பவுசரும் சும்மா நிற்கும். நவம்பரில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஞாபகம் வரும். அப்போது சபையில் பதிந்தாலும் முறை வருவதற்குள் மழை வந்துவிடும். சேற்றை எடுத்துப் பவுசர் போனதும் தாங்கியைத் தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ராத்தா வீட்டில் நடந்தது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நிரம்பிய தாங்கி மிதக்காது.

மூடி நிலமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அரை அடியாவது மேலே. வெடிப்பு இருந்தால் சீமெந்து பூச வேண்டும். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் குழிப் பக்கம் வராமல் சின்னக் கான் வெட்டிவிட வேண்டும். குளிக்கிற தண்ணீரைத் தாங்கிக்குள் விட்டவர்கள் அதை வேறாகப் பிரித்துவிடுவது நல்லது. ஒரு வாளி தண்ணீரில் முடிகிற வேலைக்குப் பத்து வாளி உள்ளே போனால் சேறு படிவதற்கு நேரமே கிடையாது. கலங்கிய கழிவு அப்படியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. அந்த நோயைப் பரப்பிய நுளம்பு பெருகுகிற இடங்களில் கக்கூசுக் குழியும் ஒன்று. நோய் அடங்கிவிட்டது, நுளம்பு போகவில்லை.

புதிதாய்க் கட்டுகிறவர்களுக்கு: தண்ணீர் ஏறுகிற நிலமானால் ஆழமாய்த் தோண்டாதீர்கள், மேலே எழுப்புங்கள். மலசலகூடத்தை நாலைந்து படி வைத்து உயர்த்தி, தாங்கியைப் பாதிக்கு மேல் நிலத்துக்கு வெளியே வைத்து, அதிலிருந்து வருகிற தண்ணீரை மண் போட்டு எழுப்பிய மணல் மேட்டுக்குள் விடலாம். பார்க்க அழகாயிராது. எங்கள் மச்சானும் "என்ன இது, கக்கூசுக்குப் படியேறிப் போறதா?" என்று முதலில் முறுகினார். இப்போது அவர்தான் ஊரில் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்.

வெள்ளம் நிற்கிற நாட்களில்

அந்த நேரத்தில் இறைக்கக்கூடாது, தோண்டக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. கழிவு கோப்பை வழியாய்த் திரும்பி வந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி இறுக்கிக் கட்டிக் கோப்பையின் வாயில் அமுக்கி வையுங்கள். மேட்டிலுள்ள வீட்டுக் கக்கூசைப் பாவிக்கக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிள்ளைகளை முற்றத்து வெள்ளத்தில் விளையாட விடாதீர்கள். அது மழைத் தண்ணீர் மாதிரித்தான் தெரியும்.

வடிந்த பிறகும் அவசரப்பட்டுக் கிணற்றை அடிமட்டும் இறைக்க வேண்டாம். சுற்றியுள்ள மண்ணில் இன்னும் அழுக்குத் தண்ணீர்தான் நிற்கிறது. கிணற்றைக் காலியாக்கினால் அதைத்தான் கூப்பிடுகிறீர்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்ப்பலி அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் கிணறும் குழியும் கடலும் ஒன்றாய்க் கலந்தன. அப்போது நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் கிழக்குக் கரையில் பல கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கூடுதலாய் இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புத் தண்ணீர் மேலே வந்ததுதான் மிச்சம். அளவோடு இறைத்து, மழைக்கு விட்டு வைக்கச் சொல்லிப் பிறகுதான் அறிவுறுத்தினார்கள்.

கிணற்றுக்குக் குளோரின் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வி, கிணற்றில் எத்தனை லீற்றர் தண்ணீர் என்பது. அதற்கு ஒரு சுருக்கக் கணக்கு: கிணற்றின் குறுக்களவை அடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 22 ஆல் பெருக்குங்கள். நாலடிக் கிணறு, ஆறடித் தண்ணீர் என்றால் 4 × 4 × 6 × 22. ஏறக்குறைய 2,100 லீற்றர். தூளின் வீரியம் பழசாகப் பழசாகக் குறையும். அதனால் எவ்வளவு தூள் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீரை அதற்குப் பிறகும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். குமிழி நன்றாய் எழுந்தபின் ஒரு நிமிடம். மலையில் தண்ணீர் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் விட்டால் நட்டமில்லை. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதே" என்பது சாட்சியல்ல. செங்கமாரிக் கிருமியும் நெருப்புக் காய்ச்சல் கிருமியும் கண்ணாடித் தண்ணீரிலும் இருக்கும்.

மலையில் எப்படி?

ஒரு தோட்டத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேற்கணக்கில் கொழுந்தெடுக்கிற ஓர் அக்கா எழும்பிக் கேட்டார். "சார், எங்களுக்கு வெள்ளம் வராதுங்களே. மழை பேஞ்சா தண்ணி ஓடிப்போயிருது. எங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?"

"உங்க பீலித் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன்.

"மேல கல்லு இடுக்கிலேருந்து வருதுங்க."

"அதுக்கு மேல என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "மேட்டு லயத்துப் பழைய கக்கூசு" என்றார்.

அதுதான் வித்தியாசம். கல்முனையில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறிக் குழியைச் சந்திக்கிறது. மலையில் குழியிலிருந்து இறங்குகிற தண்ணீர் மண்ணுக்கடியில் சரிவோடு நகர்ந்து, கீழே எங்கேயாவது ஊற்றாய் வெளியே வருகிறது. மழை நாளில் அது இன்னும் வேகமாய் நகரும். ஆகவே உங்களுக்கு அடிக்கணக்கோடு மேடு பள்ளக் கணக்கும் வேண்டும். குழி எப்போதும் ஊற்றுக்கும் பீலிக்கும் பணிய இருக்க வேண்டும். அதற்கு வழியே இல்லாவிட்டால் ஊற்றை விட்டுப் பக்கவாட்டில் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலக வேண்டும். உங்கள் காலம் எது என்றும் பாருங்கள். அட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு மே மாதத்துக்கு முன்னே. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துக்கு எங்களைப் போல ஒக்டோபருக்கு முன்னே.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வழிகிற தண்ணீரை வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டுப் பக்கமோ, முன்னாலுள்ள சரிவின் விளிம்பிலோ விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் சரிந்ததையும் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். அந்தச் சரிவுகளுக்குக் காரணம் பெருமழை. ஆனாலும் ஏற்கெனவே ஊறி நிற்கிற மேட்டுக்கு நாமும் நாள்தோறும் வாளி வாளியாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. வழிகிற தண்ணீரைக் குழாய் போட்டு மேட்டை விட்டு விலக்குங்கள்.

பவுசர் ஏற முடியாத தோட்டப் பாதையானால், நிலம் காய்ந்த இடத்தில் இரட்டைக் குழி நல்லது. இரண்டு சின்னக் குழி, நடுவில் ஒரு பிரிபெட்டி. ஒன்று நிரம்பியதும் அதன் வாயை அடைத்து மற்றதுக்குத் திருப்பிவிடுவது. அடைத்த குழியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மண் மாதிரி ஆகிவிடும். பிறகு மண்வெட்டியால் எடுத்துப் பூமரத்துக்குப் போடலாம். இடையில் மழைத் தண்ணீர் அதற்குள் போனால் இரண்டு வருடக் கணக்குப் பிழைத்துவிடும். எந்த வகை உங்கள் காணிக்குச் சரி என்று கட்டுமுன்னே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டிக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கூப்பிட்டால் அவரால் தலையை ஆட்டத்தான் முடியும்.

ராத்தா வீட்டுக் கிணற்றடியில் இப்போது ஒரு கயிறு தொங்குகிறது. நுனியில் கல், அடிக்கொரு முடிச்சு. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மச்சான் அதை இறக்கி, நிலமட்டத்திலிருந்து எத்தனையாவது முடிச்சில் தண்ணீர் தொடுகிறது என்று பார்த்துக் கலண்டரில் எழுதுகிறார். ஐந்தாம் முடிச்சுக்கு ஏறிவிட்டால் குளிப்புத் தண்ணீரைச் சுருக்கச் சொல்லி வீட்டில் கட்டளை. மூன்றாம் முடிச்சுக்கு வந்தால் மணல் பை கட்டித் தயாராய் வைப்பார். போன மாரியில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மச்சான், நாலாம் முடிச்சு. பவுசர் செப்டெம்பர்லயே வந்து போயிட்டு. டேங்க் நிறையத் தண்ணி இரிக்கி. தங்கச்சிர வளவுக்கும் ஒரு கயிறு கட்டிக் குடுத்திட்டன்."